கால் சிக்குது, கை வலிக்குது, ஃப்ரீஸ் நிக்கல: பிரேக்கிங் புதிதாகப் பழகுபவர்களுக்கு

தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் சாயங்காலம் பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்கள் மாறினாலும் கோளாறுகள் மாறுவதே இல்லை. "அண்ணே, எனக்கு உடம்புல பலம் பத்தல" என்றுதான் முக்கால்வாசிப் பேர் வந்து நிற்பார்கள். உண்மையிலேயே பலம் பத்தாதவர்களை நான் பார்த்தது குறைவு. உடம்பின் எடை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததுதான் பெரும்பாலும் காரணம்.

அதனால் கீழே எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் தரையைப் பாருங்கள். அடுத்து, எடை எந்தக் கையில், எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள். உடம்பைச் சந்தேகப்படுவது அதற்கும் பிறகு. உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. டாப் ராக் (நின்றபடி ஆடும் அடிகள்), சிக்ஸ் ஸ்டெப் (கை ஊன்றி, ஆறு அடியில் கால்களால் வட்டம் சுற்றுவது), பேபி ஃப்ரீஸ் (ஒரு முழங்கையை வயிற்றோரத்தில் குத்தி, கைகளில் உடம்பைத் தாங்கி அசையாமல் நிற்பது) பழகிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதியது இது.

## தரை வழுக்குகிறது, அல்லது கை கால் ஒட்டிக்கொள்கிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் இந்தப் புகார் தினமும் வரும். ஈரக்காற்றில் டைல்ஸ் வேர்க்கும், உள்ளங்கையும் வேர்க்கும்.

உள்ளங்கையைத் தரையில் வைத்து லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். சின்னத் தடையோடு நகர்ந்தால் தரை சரியாக இருக்கிறது.

கை அப்படியே நின்றுவிட்டால்: பிசுக்கு ஏறியிருக்கிறது. ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, பத்து நிமிஷம் ஃபேன் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

தடையே இல்லாமல் ஓடினால்: தூசியாக இருக்கலாம், யாராவது பவுடர் தூவியிருக்கலாம். தயவுசெய்து பவுடர் தூவாதீர்கள். உங்களுக்குக் கை சுலபமாகச் சுற்றும், ஆனால் அடுத்து ஆட வருகிறவன் வழுக்கி விழுவான்.

ஃப்ளெக்ஸ் பேனர் விரித்து ஆடினால்: பண்டிகை முடிந்ததும் இறக்கும் பழைய பேனர்தான் நம்மில் பலருக்கு மேடை. நல்ல மேடைதான். நான்கு ஓரமும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு மடிப்பு இருந்தாலும், கை ஊன்றிக் கால்களால் ஆடும் ஃபுட்வொர்க்கில் ஷூ நுனி அதில் மாட்டி, கணுக்கால் திரும்பிவிடும்.

அட்டைப்பெட்டி என்றால்: இரண்டு அடுக்காகப் போட்டு ஒட்டுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஊறிப்போகும். அழுத்தினால் விரல் பதிகிற அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஷூவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கான தடித்த நுரை அடிப்பாகம் உள்ள ஷூவில் குதிகால் உயர்ந்திருக்கும், பக்கவாட்டில் எளிதாக மடங்கும். தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். வினைல் ஷீட் வாங்குவதெல்லாம் கடைசி, அதுவும் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் நல்லது. கீழிருந்து தண்ணீர் ஊறும் தரையில் எதை விரித்தும் பயனில்லை. அன்றைக்கு டாப் ராக் மட்டும் ஆடுங்கள்.

## சிக்ஸ் ஸ்டெப்பில் கால் சிக்குகிறது

எந்த அடியில் சிக்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் உரக்க எண் சொல்லி மெதுவாகப் போங்கள். குரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

தண்டால் எடுக்கிற நிலையில் ஆரம்பித்து இடது காலை முதலில் கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மறுபக்கம் ஆடுபவர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் அடியிலேயே சிக்கினால்: இடது கால் உடம்புக்கு அடியில் குறுக்கே வலப்பக்கம் வர வேண்டும். அதற்கு வலது கை தரையை விட்டு எழுந்து வழி விட வேண்டும். இரண்டு கையையும் ஊன்றியபடியே காலை நுழைக்கப் பார்த்தால் எப்படிப் போகும்? இந்த அடிக்கு ஒரு விதி போதும்: குறுக்கே வரும் காலுக்கு எதிர்ப்பக்கக் கை எழும். எழும் முன் எடை முழுவதும் இடது கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கையை எடுத்ததும் தொப்பென்று உட்கார்ந்துவிடுவீர்கள்.

இரண்டாம் அடியில் சிக்கினால்: வலது கால் இடது காலுக்குப் பின்னால் வந்து மடங்கும் இடம் இது. இடுப்பு தரையோடு தொங்கிக்கொண்டிருக்கும், அதனால் காலுக்கு இடமே இருக்காது. பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, உங்கள் இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் அவர் முஷ்டி நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் இடுப்பை ஏற்றுங்கள்.

மூன்றாம் அடிக்கு அப்புறம் நின்றுபோனால்: இங்கேதான் அதிகம் பேர் மாட்டுவார்கள். இடது கால் வெளியே வந்து, இரண்டு பாதமும் தோள் அகலத்தில் ஊன்றி, மார்பு மேலே பார்த்தபடி இருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் இடது கை தாங்கியது. இந்த இடத்தில் வலது கை பின்னால் ஊன்றி வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். கை மாறாமல் நான்காம் அடிக்குப் போனால் உடம்பு முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். காலை மறந்துவிட்டு, மூன்றாம் அடியில் நின்றபடி இடது கை, வலது கை என்று மாற்றி மாற்றி ஊன்றிப் பழகுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே அடுத்த மூன்று அடியும் தானாக வரும். நான்காம் அடியில் வலது கால் முன்னால் குறுக்கே வரும், ஐந்தில் இடது கால் பின்னால் நீளும், ஆறில் வலது கால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

அடி எல்லாம் சரி, ஆனால் வட்டம் சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டே போனால்: கை ஊன்றும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிப் போகிறது. தரையில் சாக்பீஸால் ஒரு தட்டு அளவு வட்டம் போட்டு, இரண்டு கையும் அதன் ஓரத்திலேயே விழுகிறதா பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பழகுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடும். இடம் குறைவு என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் இதைச் சொல்வேன்.

இவ்வளவு பார்த்தும் ஒரு மாதத்தில் சுற்று முழுதாக வரவில்லையா? வீடியோவைப் பார்த்துக்கொண்டே தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். அனுபவமுள்ள ஒரு பி-பாயையோ பி-கேர்ளையோ (பிரேக்கிங் ஆடும் பையன், பெண்) நேரில் ஒரு சுற்று பார்க்கச் சொல்லுங்கள். எடை எங்கே போகிறது என்று அவர்கள் பக்கவாட்டிலிருந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

## மணிக்கட்டு வலிக்கிறது

இதை அலட்சியம் செய்யாதீர்கள். இந்த ஆட்டத்தில் கைகளும் கால்களாக வேலை செய்கின்றன. அவற்றுக்கு அந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு கையிலும் மந்தமான வலி, மறுநாள் காலையில் இல்லை: கையைச் சூடாக்காமல் ஆரம்பித்திருப்பீர்கள். மண்டியிட்டு உள்ளங்கையை ஊன்றி, விரல் முன்னால் பார்க்க, வெளிப்பக்கம் பார்க்க, முழங்கால் பக்கம் பார்க்க என மூன்று திசையிலும் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். செய்யாமல் ஆட இறங்குபவர்களை நான் தரைக்கு விடுவதில்லை.

ஊன்றும்போது மட்டும் மணிக்கட்டின் மேற்பக்கம் வலித்தால்: இரண்டு சுற்று ஆடிவிட்டு உடனே உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். ஒன்பதாவது படிக்கும் ஒரு தங்கச்சி வலியோடு வந்தபோது அப்படித்தான் பார்த்தோம். மணிக்கட்டை ஒட்டிய மேடு மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. விரல்களில் தூசிகூட ஒட்டவில்லை. அதாவது விரல்கள் வேலையே செய்யவில்லை, எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கியிருக்கிறது. விரல்களை அகல விரித்து, நுனிகளால் தரையைக் கவ்வுவதுபோல் அழுத்துங்கள். முழங்கையை முழுதாக நீட்டிப் பூட்டிவிடாமல் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். அடுத்த தடவை பார்க்கும்போது விரல் நுனிகளிலும் சிவப்பும் தூசியும் இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

கையை மாற்றி வைத்தும் வலி தொடர்ந்தால்: நேரம் அதிகமாகிவிட்டது. ஒரு வாரம் கை ஊன்றாதீர்கள், டாப் ராக் ஆடுங்கள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி நேரம் மட்டும். கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு அதே அளவு ஆடுவது வலியை மறைக்குமே தவிர காரணத்தைத் தீர்க்காது. இரண்டு வாரத்திலும் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரல் பக்கம் வலித்தால்: கட்டைவிரலை மேலே நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநார்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் சுரீர் என்று வலிக்கிறதா? வீக்கம் இல்லாவிட்டாலும், கை அசைந்தாலும், அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போங்கள். அங்கே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. அதனால் டாக்டர் கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று கட்டை அவிழ்த்துவிடாதீர்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம்.

எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று தெருவில் யாராவது அன்பாகச் சொல்வார்கள். விழுந்து பட்ட அடிக்கு உருவவே கூடாது. தாராவிக்காரர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் (நோயாளிப் பதிவுச் சீட்டு) எடுத்து எலும்புப் பிரிவில் காட்டலாம். சின்னப் பிள்ளைகள் வீட்டில் திட்டு விழும் என்று மறைப்பார்கள். தம்பி, தங்கச்சி, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சொல்லப் பயமாக இருந்தால் சொல்லிக்கொடுப்பவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லச் சொல்லுங்கள். நானும் அப்படிப் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன்.

## பேபி ஃப்ரீஸ் நிற்கவில்லை

முழங்கை வயிற்றிலிருந்து வழுக்கினால்: முதலில் சட்டையைப் பாருங்கள். வழவழப்பான ஜெர்சி, அதுவும் வேர்வையில் நனைந்தது என்றால் யாருக்கும் நிற்காது. பருத்தி பனியனை உள்ளே சொருகிக்கொண்டு முயலுங்கள். அப்படியும் வழுக்கினால் முழங்கை குத்தும் இடம் தவறு. இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே, வயிற்றோரத்தில் குத்த வேண்டும். விலாவில் குத்தினால் வலியும் வரும், நிற்கவும் நிற்காது. முன்கை தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் மீண்டும் நழுவும்.

பின்பக்கம் உட்கார்ந்து விழுந்தால்: எடை கைக்கு வரவே இல்லை, பயத்தில் காலிலேயே தங்கிவிட்டது. முகத்தை இன்னும் முன்னால் கொண்டுபோங்கள். கால் தானாக லேசாகும் வரைக்கும் போக வேண்டும். காலை உதைத்து ஏற்றக்கூடாது.

கழுத்து வலித்தால்: தலை தாங்கக்கூடாத எடையைத் தாங்குகிறது. கால் விரல்கள் தரையில் இருக்கும்போதே, தலையை ஒரு அங்குலம் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் எடை கையில் இருக்கிறது, மேலே போகலாம். முடியாவிட்டால் இரண்டு கைக்கும் நடுவில் தோள் அகலம் இருக்கிறதா, தலையும் கைகளும் முக்கோணமாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு மறுபடி. இந்தச் சோதனையில் தேறாமல் யாரும் காலைத் தூக்க வேண்டாம். தேறியதும் ஒரு முழங்காலை மற்றக் கையின் முழங்கைக்கு மேலே உட்கார வைத்து, அடுத்த காலைத் தூக்குங்கள்.

சேர் ஃப்ரீஸ் (நாற்காலியில் சாய்ந்ததுபோல் நிற்கும் ஃப்ரீஸ்) பற்றி ஒரு வரி: அதில் மணிக்கட்டு இன்னும் அதிகமாக மடங்கும், ஆகவே பேபி ஃப்ரீஸ் ஐந்து வினாடி நின்ற பிறகுதான்.

முழங்கை குத்திய இடத்தில், மூச்சை இழுக்கும்போது விலா வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

## டாப் ராக் தாளத்தில் விழவில்லை

நம் பிள்ளைகளிடம் இந்தக் கோளாறு ஒரு தனி விதமாக வரும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் பறையும் குத்துப் பாட்டும் கேட்டு வளர்ந்த காது. டண்டணக்கா மூன்று மூன்றாக உருளும். பிரேக் பீட் (பிரேக்கிங்குக்குப் போடும் டிரம் தாளம்) நான்கு நான்காக நடக்கும், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் டிரம் "டப்" என்று விழும். கால் பழைய கணக்கில் போகும்போது ஆள் தாளத்தைத் துரத்துவதுபோல் தெரியும்.

சோதனை: காலை அசைக்காமல் ஸ்னேருக்கு மட்டும் கை தட்டுங்கள். நான்கு அடியில் இரண்டு தட்டு வர வேண்டும்.

கை தட்டே தவறினால்: ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கிறீர்களா? அதில் கிக் டிரம் ("தும்" என்று விழும் பெரிய டிரம்) கேட்காது, அதனால் ஒன்று எங்கே என்று தெரியாது. இயர்ஃபோன் போட்டுக் கேளுங்கள், அல்லது யாரிடமாவது நல்ல ஸ்பீக்கர் இரவல் வாங்குங்கள். குரலை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். 1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டி.ஜே. கூல் ஹெர்க் தொடங்கிய விருந்துகளில் இந்த ஆட்டம் பிறந்ததே, பாட்டில் டிரம் தனியாக ஒலிக்கும் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து இறங்கியவர்களால்தான்.

கை சரி, கால் தவறினால்: அதே பாட்டுக்கு அறைக்குள் சும்மா நடந்து பாருங்கள், அடிக்கு ஒரு எட்டு. நடை ஒட்டிய பிறகு இந்தியன் ஸ்டெப் (ஒரு காலை முன்னால் குறுக்கே வைத்துத் திரும்பும் டாப் ராக் அடி). அப்படியும் முந்திக்கொண்டு போனால் எடை முன்காலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குறுக்கே வைத்த காலிலிருந்து எடை திரும்பி வந்தால்தான் அடுத்த அடிக்கு நேரம் கிடைக்கும்.

தாளம் சரி, ஆனால் மரம் மாதிரி இருக்கிறது: இங்கே உங்கள் குத்து உதவிக்கு வரும். முட்டியை மடக்கி, தோளைக் குலுக்கி ஆடும் அந்தத் துள்ளலை மறைக்காதீர்கள். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அதைத் துடைத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பிரேக்கிங்கில் ஆளுக்கு ஒரு சாயல் இருக்க வேண்டும் என்பதே முறை. நம்முடைய சாயல் நமக்கு இருக்கட்டும்.

## முட்டி வலிக்கிறது

சிக்ஸ் ஸ்டெப்பில் முட்டி தரையைத் தொடவே கூடாது. தொடுகிறது என்றால் இடுப்பு தாழ்ந்திருக்கிறது, மேலே இரண்டாம் அடிக்குச் சொன்னதைப் பாருங்கள். இறங்கும்போது முட்டியால் இறங்குவதை முதல் சில மாதங்கள் விட்டுவிடுங்கள். பேன்ட்டுக்குள் போடும் முட்டிப் பட்டை வாங்கலாம், ஆனால் அது இருக்கிறது என்று தைரியமாக இடிக்காதீர்கள். இரவில் வீக்கம் வந்தாலோ, முட்டி மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ எலும்பு டாக்டர்தான்.

## இருபது வினாடியில் மூச்சு வாங்குகிறது

ஃப்ரீஸில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா? நிற்கும்போது உரக்க எண்ணுங்கள், எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது. வடாபாவ் சாப்பிட்ட கையோடு ஆட வருவதும் ஒரு காரணம், ஒன்றரை மணி நேரம் விடுங்கள். ஆட்கள் சுற்றி நிற்கும் வட்டத்துக்குள் ஒருவர் ஆடும் ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதலில் முப்பது வினாடி ஆட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு என்று பழகுங்கள். நெஞ்சு வலி, கண் இருட்டுதல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் அடுத்த நாள் ஆட வராதீர்கள்.

## விண்ட்மில் முயன்றேன், கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டது

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் வந்த பிறகு, வந்த முதல் நாளே விண்ட்மில் (முதுகிலும் தோளிலும் உருண்டு, கால்களை விரித்துச் சுற்றுவது) சுற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் 2019 நவம்பரில் ரெட் புல் பி.சி. ஒன் என்ற பிரேக்கிங் போட்டியின் உலக இறுதிச் சுற்று இதே மும்பையில் நடந்ததே, அதில் ஜெயித்த நெதர்லாந்துக்காரர் மென்னோவின் சுற்றுகளைப் பாருங்கள். ஒரு ஃபுட்வொர்க்கிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும்போது அவருடைய கை எங்கே விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

தோளின் பின்பக்கம் மட்டும் வலித்தால்: முதுகில் உருளாமல் தோள் எலும்பில் விழுகிறீர்கள். பேபி ஃப்ரீஸ் இரண்டு பக்கமும் நிற்கிறதா, முதுகுச் சுழற்சி வருகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் விண்ட்மில்லைத் தள்ளிவையுங்கள்.

கழுத்துத் தசை இறுகிப்போனால்: தலையில் எடை இறங்கியிருக்கிறது. இரண்டு மூன்று நாள் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம். தலையால் சுற்றும் ஹெட்ஸ்பின் பக்கம் இப்போது போகவே வேண்டாம். வருஷக்கணக்கில் அதை ஆடியவர்களுக்கு உச்சந்தலையில் முடி உதிர்ந்து தோல் தடித்துப்போவதுண்டு.

கை மரத்துப்போனாலோ, மின்சாரம் பாய்வதுபோல் இழுத்தாலோ: அந்த நிமிஷமே நிறுத்துங்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தலை குத்தி விழுந்து, கை காலில் உணர்வு குறைந்தாலோ எழ முடியாவிட்டாலோ: சுற்றி நிற்பவர்கள் கவனிக்க வேண்டும். தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள். தலையை இருக்கிற நிலையிலேயே இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்க, இன்னொருவர் 108-க்கு ஃபோன் செய்யுங்கள். சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. ஆகையால் ஒரு ஆள் மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் நின்று அவர்களைக் கூட்டிவர வேண்டும். டாக்டர் ஆடலாம் என்று சொன்ன பிறகும் முதல் இரண்டு வாரம் டாப் ராக் மட்டும்தான்.